பருத்திக்கு ஜாதகம் கேட்கும் பையர்: பிளாக்செயின் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் 60 மெஷின் போட்டு டி-ஷர்ட் ஏற்றுமதி செய்கிறேன். நூலை மில்லில் வாங்கி, நிட்டிங், டையிங் இரண்டையும் ஜாப் ஒர்க்கில் (வெளியே கூலிக்குக் கொடுத்து) முடிக்கிறேன். பருத்தி எங்கே விளைந்தது என்பதற்கு அமெரிக்க பையர் இப்போது பேப்பர் கேட்கிறார். பிளாக்செயின் (ஏற்றிய விவரத்தைப் பிறகு யாரும் எளிதில் மாற்ற முடியாத டிஜிட்டல் பதிவேடு) போட்டால் தீர்ந்தது என்று ஒரு மென்பொருள் கம்பெனி கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆனால் பையர் கேட்பதைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் 2022 ஜூன் 21 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கிறது. உய்குர் மக்கள் வாழும் சீனாவின் ஷின்ஜியாங் பகுதிப் பொருள் கொஞ்சம் கலந்திருந்தாலும், அது கட்டாய உழைப்பில் உருவானது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது இறக்குமதியாளரின் பொறுப்பு. உலகப் பருத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஷின்ஜியாங்கில் விளைந்து, நூலாகவும் துணியாகவும் பல நாடுகளுக்குப் போகிறது. இவ்வளவு சதவீதம் வரை பரவாயில்லை என்ற விலக்கும் கிடையாது. தையல் நூலுக்கும் கணக்கு வேண்டும்.

‘நம்ம ஊர்ப் பஞ்சுதானே’ என்று சொல்லிவிட்டால் போதாது. மில்லில் குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா பேல்களை (பஞ்சுப் பொதிகளை) கலந்துதான் ஓட்டுகிறார்கள். நீள இழை வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பஞ்சும் சேரும். ஆகவே நூல் பில்லோடு, அந்த லாட்டுக்கு (ஒரே தொகுதியாக ஓட்டிய நூலுக்கு) எந்தெந்த பேல் போட்டார்கள் என்ற மிக்ஸிங் விவரத்தையும் கேளுங்கள். தரமான மில்களில் இந்தப் பதிவு இருக்கும். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

உண்மையான ஓட்டை உங்கள் ஜாப் ஒர்க்கில் இருக்கிறது. நூல் மூட்டையில் லாட் நம்பர் இருக்கும். நிட்டிங் முடிந்து வரும் ரோலில் பார்ட்டி பெயரும் எடையும் மட்டும் எழுதியிருக்கும். ஒரே கவுண்ட் (நூலின் பருமன்) என்பதால் மிச்சமிருந்த பழைய நூல் கோனையும் அதே மெஷினில் ஏற்றியிருப்பார்கள். சாயப்பட்டறைக்குப் போனதும் அவர்கள் பேட்ச் நம்பர் போடுவார்கள். அதற்கும் நூல் லாட்டுக்கும் தொடர்பே இருக்காது. அந்த இடத்தில் சங்கிலி அறுந்துவிட்டால், எந்த மென்பொருளாலும் ஒட்டவைக்க முடியாது. தவறான விவரத்தை ஏற்றினால், தவறைத்தான் அது அழியாமல் பாதுகாக்கும்.

ஆடிட்டர் முதலில் கிலோ கணக்கைத்தான் பார்ப்பார். 160 கிராம் எடையில் 10,000 பீஸ் என்றால் சரக்கே 1,600 கிலோ. டையிங் லாஸ், கட்டிங் வேஸ்ட் சேர்த்தால் நூல் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக வாங்கியிருக்க வேண்டும். உங்கள் பில் 1,500 கிலோ காட்டினால், மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அவசரத்துக்குப் பக்கத்து கம்பெனியில் வாங்கிய நாலு மூட்டைக்கும் பில் வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

பிளாக்செயின் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், கம்ப்யூட்டர் நிறுவனமான ஐபிஎம் என்ற இரண்டு பெரிய கைகள் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டிரேட்லென்ஸ் என்ன ஆனது? கப்பல் சரக்கு ஆவணங்களுக்கான அந்த பிளாக்செயின் தளத்தில் போதுமான அளவுக்குத் துறையினர் கைகோக்கவில்லை. மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்துவிட்டார்கள். உங்கள் நிட்டிங்காரரும் டையிங்காரரும் தினமும் விவரம் ஏற்றுவார்களா என்பதை முதலில் யோசியுங்கள்.

பேப்பரை நம்பாத பையர்கள் ஐசோடோப் பரிசோதனை கேட்பதுண்டு. பருத்தி விளைந்த மண்ணும் நீரும் இழையில் விட்ட தடத்தை வைத்து ஊரைக் கணிப்பார்கள். செலவு அதிகம், பையர் கேட்காமல் செய்யவேண்டியதில்லை.

ஐரோப்பாவுக்கும் அனுப்புவீர்கள் என்றால் இந்த வேலை வீண்போகாது. அங்கே கட்டாய உழைப்புப் பொருளுக்கான தடை 2027 டிசம்பர் 14 முதல் அமலாகிறது. ஒரு பொருளின் விவரங்களை ஸ்கேன் செய்து பார்க்கும் டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட்டும் வருகிறது. 2027 பிப்ரவரியில் பேட்டரியில் தொடங்குகிறார்கள், ஜவுளியும் வரிசையில் நிற்கிறது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? அடுத்த ஆர்டர் ஒன்றை மட்டும் எடுங்கள். டெலிவரி சலானில் நூல் லாட் நம்பருக்கு ஒரு கட்டம் சேர்த்து, ரோல், டையிங் பேட்ச், கட்டிங், அட்டைப்பெட்டி வரை அதே நம்பர் போகவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நம்பர் இல்லாத ரோலை இறக்க வேண்டாம். முதல் வாரம் டையிங்காரர் முணுமுணுப்பார். பதிவுக்கு எக்செல் போதும். அப்புறம், பையர் எந்தத் தளத்தில் ஆவணம் ஏற்றச் சொல்கிறார் என்று கேளுங்கள். பல பெரிய பிராண்டுகள் சொந்தமாக ஒன்றைத் தேர்ந்து வைத்திருக்கும். அப்படியென்றால் நீங்கள் வாங்கும் மென்பொருளை அவர் திறந்துகூடப் பார்க்கமாட்டார். அந்தத் தளத்துக்குக் கட்டணம் யார் தலையில் என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.