பழைய கேம்பர் வேனில் எண்ணெய் ஒழுகுகிறது: நானே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: எங்களிடம் 1970களின் ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் ஒன்று இருக்கிறது. நிறுத்திய இடமெல்லாம் எண்ணெய்க் கறை. கேரேஜில் காட்டினால், இன்ஜினை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஓரளவு ஸ்பானர் பிடிக்கத் தெரியும். நானே செய்யலாமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒரு சீல்கூட (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வாங்குவதற்கு முன்னால் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். எண்ணெய் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. இதைப் புரிந்துகொள்ள நான் ஒரே இன்ஜினை ஒரே கோடையில் இரண்டு முறை இறக்க வேண்டியிருந்தது.

எங்கள் வண்டி 1973 மாடல், கூரையை மேலே தூக்கிப் படுத்துக்கொள்ளும் வகை. பின்னால் 1584 சிசி, காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜின். 2019-ல் லண்டனில் வாங்கினேன். வாங்கிய முதல் மாதமே இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்ட ஆரம்பித்தது. ஒரு கேரேஜில் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு "ஃபிளைவீல் சீல்" என்றார்கள். இன்ஜினின் கியர்பாக்ஸ் பக்க முனையில் சுழலும் கனமான சக்கரம்தான் ஃபிளைவீல். அவர்கள் கேட்ட கூலியைக் கொடுக்க மனமில்லாமல் நானே இறக்கினேன். புது சீல் போட்டு ஏற்றி, குடும்பத்தோடு வேல்ஸ் வரை போய் வந்தோம். திரும்பி வந்து நிறுத்திய மறுநாள் காலை, அதே இடத்தில் அதே அளவு சொட்டு.

எங்கள் பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊரிலும் இங்கேயுமாக லாரி இன்ஜின்களோடு வாழ்நாளைக் கழித்தவர். வண்டியைப் பார்க்க வரச் சொன்னேன். அவர் அடியில் படுக்கவே இல்லை. கீழே விரித்திருந்த அட்டையில் விழுந்த சொட்டை ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்குக்குக் கொண்டுபோனார். அப்புறம் என் பக்கம் விரலை நீட்டினார். "தம்பி, இது எஞ்சின் ஒயில் இல்லை. கியர்பொக்ஸ் ஒயில். நீரே மணந்து பாரும்." முகர்ந்தேன். அழுகிய முட்டை மாதிரி ஒரு நெடி. கியர் ஆயிலில் கந்தகச் சேர்மானம் இருப்பதால் வருகிற வாசம் அது. இன்ஜின் ஆயிலுக்கு அந்த வாசம் கிடையாது, தொட்டால் இவ்வளவு பிசுபிசுப்பும் இருக்காது. ஒழுகியது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல், அதாவது இன்ஜினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோகும் தண்டைச் சுற்றியுள்ள சீல். இன்ஜின் வெளியே இருந்தபோது என் கண்ணெதிரே இருந்த சீல். அரை மணி நேரத்தில் மாற்றியிருக்கலாம்.

அதனால் முதல் வேலை, இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, சக்கரங்கள் எங்கே வருகின்றன என்று பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே என்றால் ஒரு கதை. இரண்டு ஓரங்களிலும் என்றால் வால்வு கவராகவோ (வால்வுகள் இருக்கும் ஹெட் பகுதியின் மூடி) புஷ்ராட் குழாய்களாகவோ (வால்வுகளைத் திறக்கும் கம்பிகள் ஓடும் குழாய்கள்) இருக்கலாம். பின் பம்பர் பக்கம் என்றால் கிராங்க் புல்லியை (கிராங்க் என்கிற பிரதான தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) சந்தேகிக்கலாம். விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பதை மறக்காதீர்கள்.

அட்டை சொல்வது பாதிதான். வண்டி ஓடும்போது அடிக்காற்று எண்ணெயைப் பின்னோக்கி இழுத்துப் பூசிவிடும். குளிர்விக்கும் விசிறிக் காற்றும் மேலிருந்து கீழே ஊதுகிறது. மேலே கசிந்த ஒரு துளி, கீழே நான்கு இடத்தில் ஈரமாகத் தெரியும். ஆகவே இன்ஜினைச் சுத்தமாகக் கழுவுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், டைனமோ மூன்றுக்கும் பிளாஸ்டிக் பை கட்டி, டிகிரீசர் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, மெதுவாகத் தண்ணீர் விட்டு, நன்றாகக் காய விடுங்கள். பிறகு சந்தேகமுள்ள இடங்களில் எல்லாம் முகப்பவுடர் தூவி, பத்து மைல் ஓட்டி வந்து, இன்ஜின் ஆறியதும் டார்ச்சோடு பாருங்கள். மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். எங்கே மிக உயரத்தில் பவுடர் நனைந்திருக்கிறதோ அதுதான் ஊற்று.

இப்படிப் பார்த்ததில்தான் எங்கள் வண்டியின் இரண்டாவது கசிவு அகப்பட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும், கட்டைவிரல் அளவுதான். அதன் நடுவில் ஒயர் மாட்டுகிற பிளாஸ்டிக்கைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம். அங்கிருந்து ஒரு நூல் மாதிரி ஒரு கோடு, வெள்ளைப் பவுடரைக் கிழித்துக்கொண்டு இன்ஜின் கேஸின் (வெளிக்கூட்டின்) மேல் இறங்கி, கீழே ஓடி மறைந்திருந்தது. அந்த நூல் கோடு கீழே போய்ச் சேரும்போது உள்ளங்கை அகல ஈரம். மலிவான சாமான், ஒரு ஸ்பானர், ஐந்து நிமிட வேலை. அதன் மரையே சாய்வாக இருப்பதால் வாஷர் தேவையில்லை. கேஸ் மக்னீசிய உலோகம் என்பதால் முறுக்கும்போது கை அடக்கமாக இருக்கட்டும்.

இந்த மக்னீசியம் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ஜினின் அடியில் வட்டமான தகடு ஒன்று, ஆறு சின்ன நட்டுகளோடு இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே வலைச் சல்லடை. இந்த இன்ஜினில் தனி ஆயில் ஃபில்டர் கிடையாது, இந்தச் சல்லடைதான் எல்லாம். அங்கே ஒழுகுகிறது என்றதும் எல்லாரும் செய்கிற காரியம், நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குவது. தகடு துளைகளின் ஓரத்தில் உள்வாங்கி வளைந்துவிடும், ஒழுகல் கூடும். இன்னும் முறுக்கினால் கேஸிலிருந்து, நட்டு ஏறுகிற ஸ்டட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். அந்த நட்டுகளுக்கு வேண்டியது 7 நியூட்டன் மீட்டர், அதாவது சின்ன ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புகிற பலம். ஒழுகினால் தகட்டைக் கழற்றி, தட்டையான இரும்பின் மேல் வைத்து, வளைந்த ஓரங்களைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். சல்லடைக்கு மேலும் கீழுமாக இரண்டு புது பேக்கிங், ஆறு நட்டுக்கும் ஆறு புது செப்பு வாஷர். போதும், நின்றுவிடும்.

சிலிக்கோன் பசையை மட்டும் இதற்குப் பதிலாகப் பூசாதீர்கள். எனக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்த யாரோ தாராளமாகப் பூசியிருந்தார்கள். முதல் முறை சல்லடையைக் கழற்றியபோது, வலையின் மேல் சிவப்பாக மண்புழு மாதிரி சுருண்ட துண்டுகள் ஒட்டியிருந்தன. வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது அறுந்துபோய் எண்ணெய் உறிஞ்சும் வாயை அடைக்கும். எண்ணெய் போகாத இன்ஜின் இறுகி நின்றுவிட்டால் அத்தோடு போயிற்று. பாட்டிலில் ஊற்றினால் ஒழுகல் நிற்கும் என்று விற்கிற திரவங்களையும் நான் நம்புவதில்லை. காய்ந்து விறைத்த ரப்பரைக் கொஞ்ச நாள் ஊத வைக்கும், பிறகு அது இளகிப்போகும்.

வால்வு கவர் பேக்கிங் கார்க்கால் ஆனது. அதைக் கவரில் மட்டும் ஒட்டுங்கள், ஹெட் பக்கம் லேசாகக் கிரீஸ் தடவி விடுங்கள். அடுத்த முறை டேப்பெட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி) பார்க்கும்போது கிழியாமல் வரும். கவர் கையோடு வந்திருப்பதால் டேப்பெட் இடைவெளியையும் பார்த்துவிடலாம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது 0.15 மில்லிமீட்டர்.

புஷ்ராட் குழாய்கள் எட்டு, அவற்றின் முனைகளில் பதினாறு சீல். இன்ஜின் வயதாக ஆக இவை ஒவ்வொன்றாக ஈரமாகும். முறையாக மாற்ற ஹெட்டைக் கழற்ற வேண்டும். பழைய குழாயின் இரு முனை மடிப்புகளையும் மெதுவாக இழுத்து, நீளத்தைச் சுமார் 190 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, குழாயின் தையல் மேல்பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். ஒரே ஒரு குழாய்தான் ஒழுகுகிறது என்றால், ஸ்பிரிங் வைத்த இரட்டைக் குழாய் கிடைக்கிறது. ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி, பழைய குழாயை நசுக்கி எடுத்துவிட்டு, ஹெட்டைத் தொடாமலே இதைப் பொருத்தலாம். பயண நடுவில் கைகொடுக்கும். ஆனால் எட்டும் ஒழுகினால் ஹெட்டைக் கழற்றுவதே என் கட்சி.

புல்லி பக்கம் ஒழுகினால் சீல் தேடாதீர்கள், அங்கே சீலே கிடையாது. புல்லியின் கழுத்தில் வெட்டிய மரை, சுற்றும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அதையும் மீறி வெளியே வருகிறது என்றால் இரண்டு காரணம் பார்க்க வேண்டும். ஒன்று, எண்ணெய் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள். இந்த இன்ஜினுக்கு வேண்டியது 2.5 லிட்டர்தான். தண்ணீரால் குளிரும் காருக்குப் பழகிய கை நான்கு லிட்டர் கேனை அப்படியே கவிழ்த்துவிடும். இரண்டு, இன்ஜினுக்குள் அழுத்தம். எண்ணெய் ஊற்றும் வாயிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸ் அடைத்திருந்தாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலோ, கேஸுக்குள் காற்று அழுத்தம் ஏறி எல்லா இணைப்பிலும் எண்ணெயைத் தள்ளும். ஒரே நேரத்தில் ஐந்தாறு இடத்தில் ஒழுகுகிற வண்டியில் நான் முதலில் தொடுவது இந்த ஹோஸைத்தான்.

இதெல்லாம் பார்த்த பிறகும் ஊற்று ஃபிளைவீல் பக்கம்தான் என்றால், சரி, இறக்குங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் ஹோஸைக் கிளாம்ப் போட்டு மூடி, வண்டியைச் சமதரையில் நல்ல ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். இன்ஜின் நூறு கிலோவுக்கு மேல். பின் தாங்கியைக் கழற்றினால் கியர்பாக்ஸ் தொங்கும், அதற்குத் தனியாக முட்டு கொடுங்கள். கூட இன்னொரு ஆள் வேண்டும்.

வெளியே வந்ததும் கண்ணில் படுகிற எல்லா ரப்பரையும் மாற்றிவிடுங்கள். ஃபிளைவீல் சீல், ஃபிளைவீலுக்குள் இருக்கும் ஓ-ரிங், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். விசிறிக் கூட்டைக் கழற்ற முடிந்தால் ஆயில் கூலருக்குக் கீழே இருக்கும் இரண்டு சீலும். இன்புட் சீலை ஏற்றும்போது ஷாஃப்டின் பற்களைச் சுற்றி டேப் ஒட்டி, எண்ணெய் தடவி ஏற்றுங்கள், இல்லையென்றால் பல் சீலின் உதட்டைக் கீறிவிடும். ஃபிளைவீல் கழுத்தில் சீல் உரசுகிற இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீலும் நிற்காது. அப்புறம் கிராங்கின் முன்பின் ஆட்டம். டயல் கேஜ் வைத்து அளந்தால் 0.07-லிருந்து 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதைச் சரிசெய்ய எப்போதும் மூன்று ஷிம் (மெல்லிய உலோக வளையம்). ஆட்டம் இதைவிட அதிகமாக இருந்தால் கிராங்க் முன்னும் பின்னும் போய்வந்து சீலைத் தின்றுவிடும். ஃபிளைவீலின் நடு நட்டுக்கு 36 மில்லிமீட்டர் சாக்கெட், இறுக்கம் சுமார் 340 நியூட்டன் மீட்டர். நீளமான பைப் இல்லாமல் முடியாது. இந்த நட்டு தளர்ந்தால் ஃபிளைவீலும் கிராங்கும் சேர்ந்து பாழாகும், ஆகவே அந்த அளவுக்கான டார்க் ரெஞ்சை (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வாடகைக்காவது எடுங்கள்.

பெட்ரோல் ஹோஸ்களையும் அதே நாளில் மாற்றுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலே பத்து சதவீதம்வரை எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் அதற்குத் தாங்காது, விரிசல் விட்டுவிடும். எத்தனாலைத் தாங்கும் தரக் குறியான ஆர்9 (R9) என்று அச்சிட்ட ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் படிந்த இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மக்னீசிய கேஸ் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது. ஒழுகலை நான் அலட்சியம் செய்யாததற்கு இன்னொரு காரணம், என் மகள் பின்னால் தூங்குவாள். எண்ணெய் சைலன்சர் பக்கத்து ஹீட் எக்ஸ்சேஞ்சர் (புகைக்குழாய்ச் சூட்டில் ஹீட்டர் காற்றைச் சூடாக்கும் பெட்டி) மேல் விழுந்து கருகினால், ஹீட்டர் வழியாக அந்தப் புகை நேரே உள்ளே வரும். வேல்ஸ் போகும் வழியில் ஒரு குளிர் இரவு அந்த வாசத்தோடு ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தோம்.

எத்தனை சொட்டு வரை பொறுக்கலாம் என்று கேட்பீர்கள். இங்கே 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிகளுக்கு 2018 மே முதல் எம்ஓடி என்கிற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் அந்தச் சோதனையின் அளவுகோல் உதவியாக இருக்கிறது: இன்ஜின் ஓடும்போது ஐந்து நிமிடத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாகக் குட்டை தேங்கினால் தோல்வி. எனக்கு அதுவே அதிகம். ராத்திரிக்கு ஒரு சொட்டு வரை விட்டுவிடுவேன், இரண்டானால் பவுடர் டப்பாவை எடுப்பேன்.

வடித்த பழைய எண்ணெயை வாய் இறுக மூடும் கேனில் சேர்த்து, கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தில் கொடுத்துவிடுங்கள். எண்ணெய்க்கென்றே அங்கே தனித் தொட்டி இருக்கும். கியர் ஆயிலைத் தனிக் கேனில் வைத்தால், அடுத்த முறை எது எது என்று முகர்ந்து பார்த்துப் பழகவும் உதவும்.