தவிசாளரைக் கவிழ்ப்பது எப்படி? (நாவலில் மட்டும்)

கேள்வி: திருகோணமலைப் பக்கத்துப் பிரதேச சபையொன்றில் தவிசாளரை, அதாவது சபைத் தலைவரை, கவிழ்க்கும் சதிதான் என் நாவல். வாசித்தவர்கள் "ரீவி நாடகம் மாதிரிக் கிடக்கு" என்கிறார்கள். என்ன செய்யலாம்? – உப்புவெளி வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய பகுதியில் நாலுபேர் நள்ளிரவில் விடுதி அறையில் கூடித் திட்டம் முழுவதையும் ஒப்பிக்கிறார்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தபிறகு சதிக்கு என்ன மிச்சம்?

முதலில் உள்ளூராட்சிச் சட்டத்தை வாசியுங்கள். கதைக்கு வேண்டிய நெருக்கடி அங்கேயே இருக்கிறது. பாதீடு (சபையின் வரவுசெலவுத் திட்டம்) வாக்கெடுப்பில் இரண்டாம் முறையும் தோற்றால் தலைமைப் பதவி போய்விடும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் அப்படித்தான் பதவி இழந்தார். அடுத்தவர் வென்றது 21க்கு 20 என்ற கணக்கில். இரண்டு வாக்கெடுப்புக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்கள்தான் உங்கள் நாவல்.

யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபையில் புதிய தவிசாளரைத் தெரிவுசெய்ய முன்னர், வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்பதை உறுப்பினர்களே முடிவுசெய்ய வேண்டும். இரகசியம் கேட்டு எழும்பும் கையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்! வாக்குச் சமமானால் திருவுளச்சீட்டு. ஆனால் அதை முடிவுக்கு வைக்காதீர்கள், வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

வட்டாரத்தில் வாக்குப் பெற்று வென்றவரும் கட்சிப் பட்டியலில் வந்தவரும் ஒரே மாதிரிப் பயப்படமாட்டார்கள். பட்டியல்காரருக்குக் கட்சிச் செயலாளரின் கடிதம் என்றால் வயிற்றைக் கலக்கும். வட்டாரக்காரருக்குச் சனத்தின் முகத்தில் முழிக்க வேண்டும். கட்சி மாறுகிறவரிடம் காசுப் பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள், அது சோம்பேறித்தனம். அவரது வட்டாரத்து இறங்குதுறைக்கு ஒதுக்கிய பணம் வேறிடத்துக்குப் போயிருக்கட்டும். தேத்தண்ணிக் கடையில் கட்சிச் செயலாளரின் அழைப்பு வருகிறது. போனைக் கவிழ்த்து வைக்கிறார். முன்னால் இருப்பவர் அதைக் கண்டும் காணாததுபோல வடையைப் பிய்க்கிறார். "இறங்குதுறைக்கு லைட் போட்டாச்சோ?" என்று கேட்கிறார். வேறு பேச்சே வேண்டாம்.

திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை மட்டும் இதற்குள் இழுக்காதீர்கள். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தக் கடிதங்களானாலும் 2022 உடன்படிக்கையானாலும் கொழும்பும் டெல்லியும் பேசி முடித்தவை. உங்கள் தவிசாளரிடம் யாரும் கேட்கமாட்டார்கள். ஊர்க்கதையாக வந்துபோனால் போதும்.

எந்த நாளில் யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு கொப்பியில் கட்டம்போட்டு எழுதுங்கள். உங்கள் பதினோராம் அத்தியாயத்தில் உபதவிசாளர் ஒரு கடிதத்தைப் பற்றிக் கதைக்கிறார். கடிதமோ பதின்மூன்றில்தான் வருகிறது. முதலில் அதைத் திருத்துங்கள்.