ஃபிளெக்ஸ் வேண்டாம், ஷட்டரைத் திறங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் முப்பது வருடமாக பைக் மெக்கானிக்காக இருந்த நண்பர் போன வாரம் மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 54. ஞாயிற்றுக்கிழமைகூட ஷெட்டை மூடாத உழைப்பாளி. நடுராத்திரியில் வண்டி நின்றுவிட்டது என்று போன் போட்டாலும் டூல்ஸ் பையோடு வந்து நிற்பார். நான்கு தெருநாய்கள் அவர் ஷெட்டிலேயே வளர்ந்தன. இப்போது மூடிய ஷட்டர் முன்னால் படுத்துக் கிடக்கின்றன. மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் இருக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு நண்பர்கள் சேர்ந்து இருபது அடி ஃபிளெக்ஸ் வைக்கப்போகிறோம். ‘உழைப்பின் சிகரமே’ என்பதுபோல நான்கு வரி எழுதித் தருவீர்களா?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நல்ல நண்பரை இழந்திருக்கிறீர்கள். வருந்துகிறோம். ஆனால் அந்த நான்கு வரியை எழுதித் தர மாட்டோம். ‘உழைப்பின் சிகரமே’ யார் படத்துக்குக் கீழேயும் பொருந்தும். உங்கள் கடிதத்தில் இருக்கும் ‘டூல்ஸ் பையோடு வந்து நிற்பார்’ என்ற வரி அவருக்கு மட்டும்தான் பொருந்தும். அதைவிட நல்ல வரி எங்களிடம் இல்லை.

ஃபிளெக்ஸும் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் நிலைகுலைந்து விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி இறந்தார். ஆயுள் முழுக்க இருசக்கர வண்டிகளைப் பத்திரமாக ஓடவைத்த மனிதரின் பெயரில் சாலையோரம் கம்பு நட வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

ஷட்டர் மூடிக் கிடக்கிறது என்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஷெட் ஒன்று திடீரென்று மூடினால் உள்ளே ஊரார் வண்டிகள் நிற்கும், பாதி பிரித்த இன்ஜின் இருக்கும், வாங்கிய அட்வான்ஸ் இருக்கும், வராத பாக்கியும் இருக்கும். இரண்டு வாரம் போனால் வண்டிக்காரர்கள் அவர் மனைவியிடம் வந்து சத்தம் போடுவார்கள். அப்படி ஒரு பேச்சு அந்த வீட்டு வாசலுக்கு வராமல் பார்ப்பதுதான் இப்போது நீங்கள் செய்ய வேண்டிய அஞ்சலி.

மனைவியோ மகளோ பக்கத்தில் இருக்க, பகலில் ஷட்டரைத் திறங்கள். எதையும் நகர்த்துவதற்கு முன் செல்போனில் முழு ஷெட்டையும் வீடியோ எடுங்கள். உதிரி போட்ட எந்த ட்ரே எந்த வண்டிக்குப் பக்கத்தில் இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. ஷெட்டில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன் யாராவது இருந்தால் கட்டாயம் கூப்பிடுங்கள். எந்த வண்டியில் எதுவரை வேலை முடிந்தது என்று அவனுக்குத்தான் தெரியும். அவனுடைய சம்பள பாக்கியைக் கேட்டு முதலில் கொடுத்துவிடுங்கள். அவனாக வாய் திறந்து கேட்கமாட்டான்.

பிரித்த உதிரிகளை வண்டிவாரியாகத் தனித்தனிப் பையில் போட்டு, வண்டி எண் எழுதிக் கட்டுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினால் கதை முடிந்தது. ஓடிப் பழகிய வால்வு, இன்ஜினுக்குள் அது உட்காரும் வளையமான சீட்டோடு தேய்ந்து பொருந்தியிருக்கும். மாற்றிப் போட்டால் கம்ப்ரஷன் கசியும். பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) கழற்றிய இன்ஜினின் வாய் திறந்திருந்தால் சுத்தமான துணியால் அடையுங்கள். பனியன் வேஸ்ட் கூடாது, நூல் பிரிந்து உள்ளே போகும். சர்க்ளிப் என்ற சின்னக் கம்பி வளையம் ஒன்று உள்ளே விழுந்துவிட்டாலோ, அதை எடுக்க இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டி வரலாம்.

போர் போட, அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்க வேண்டிய வண்டி என்றால் பிளாக் ஷெட்டில் இருக்காது, லேத் பட்டறையில் இருக்கும். அவர் போனில் கடைசி இரண்டு வார அழைப்புகளைப் பார்த்தால் எந்தப் பட்டறை என்று தெரிந்துவிடும். புதுப் பிஸ்டனின் தலையில் 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் அளவு அடித்திருக்கும். அந்தப் பிஸ்டனையே அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் பட்டறைக்காரர் கடைவார். அதனால் ஒரே சைஸில் இரண்டு பிளாக் இருந்தாலும் ஜோடி மாறக்கூடாது. இடைவெளி குறைந்தால் பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொள்ளும், கூடினால் ஆயில் எரிந்து புகை தள்ளும். பிளாக்கை வாங்கும்போது பிஸ்டனையும் கேட்டு வாங்குங்கள்.

பெரிய வேலை எதுவும் இல்லாமல் நிற்கும் வண்டிகளை உடனே கொடுத்துவிடலாம். ஆர்.சி.யில் உள்ள பெயர், வண்டி எண் பார்த்து, ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். ஆள் வராத வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் குழாயை அடைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி உள்ளே நிற்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். நாள்பட நின்ற பெட்ரோல் பிசினாகி, ஜெட் என்ற பெட்ரோல் போகும் நுண்துளையை அடைக்கும். பாதி வேலையில் நிற்பவற்றை அவர் மதித்த இன்னொரு மெக்கானிக்கிடம் ஒப்படையுங்கள். அதுவரை ஆன வேலைக்கூலி குடும்பத்துக்கு, மிச்சக்கூலி முடிக்கிறவருக்கு என்று வண்டிக்காரர் முன்னிலையிலேயே பேசிவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதையும் கழிக்க வேண்டும். ஸ்பேர்ஸ் கடைப் பாக்கியையும் நோட்டில் சேருங்கள். நண்பர்களில் யாருக்காவது அவரிடம் கடன் சொல்லிவிட்டு வந்த பழக்கம் இருந்தால், அது எந்த நோட்டிலும் இருக்காது. அதைப் பதினாறாம் நாளுக்குள் நீங்களாகவே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

‘ஞாபகார்த்தமாக ஒரு ஸ்பேனர் எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஆளாளுக்குக் கை வைக்க விடாதீர்கள். மேக்னெட் புல்லர், ஃபீலர் கேஜ், ரிங் ஸ்பேனர் எல்லாம் முழு செட்டாக இருந்தால்தான் விலை. அந்தப் பையனே தொழிலைத் தொடர விரும்பினால் தவணையில் அவனுக்குக் கொடுப்பது நல்லது. கம்ப்ரஸரைச் சும்மா நிறுத்துவதற்கு முன் காற்றை இறக்கி, அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். இல்லாவிட்டால் டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இந்த வேலை நடக்கும்போது நாய்கள் காலடியில்தான் இருக்கும். கவனம். இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்ட் இனிக்கும், நாய் நக்கும். எத்திலீன் கிளைக்கால் உள்ள அடர் கூலண்ட் சுமார் 100 மில்லி போதும், 15 கிலோ நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கவைத்துக் கொன்றுவிடும். சிந்தினால் மரத்தூள் போட்டு எடுத்து, தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். டிரம்மில் இருக்கும் பழைய இன்ஜின் ஆயிலை ‘சொறிக்கு நல்லது’ என்று யாராவது நாய் மேல் ஊற்ற வந்தால் தடுங்கள். அது தோலைப் புண்ணாக்கும், நக்கும்போது வயிற்றுக்குள் போகும். சொறிக்குக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கும் மருந்துதான் வழி.

நாய்களை வண்டியில் ஏற்றி வேறெங்கோ விட்டுவிடும் யோசனை வேண்டாம். புது இடத்து நாய்கள் கடித்துக் குதறும், தப்பினால் சாலையைக் கடந்து திரும்பி வரப் பார்க்கும். காதில் வெட்டு அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கருத்தடை ஆனது. இல்லாதவற்றுக்கு நகராட்சியில் சொல்லுங்கள். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டை ஷெட்டில் கிடைக்காவிட்டால் அரசு கால்நடை மருத்துவமனையில் மறுபடியும் போட்டுவிடுங்கள். ஒன்று கூடிப்போனால் கெடுதல் இல்லை. பிறகு வருடா வருடம். பிடிக்கும்போது யாரையாவது கடித்தால், பல் லேசாகப் பட்டாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். நாலு பேர் மாற்றி மாற்றி வந்தால் ஒருநாள் யாரும் வரமாட்டார்கள். நடுத்தர நாய் ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 300 கிராம் சோறும், 150 முதல் 200 கிராம் வேகவைத்த கோழிக் கழிவும் போதும். நான்குக்கும் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான அரிசி. உப்பு, மசாலா, வெங்காயம் கூடாது. வெந்த எலும்பை எடுத்துவிடுங்கள், அது சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிரியாணிக் கடை மிச்சத்தில் இவை எல்லாமே இருக்கும். தெருவில் கண்ட இடத்தில் உணவு போடக்கூடாது, உள்ளாட்சி ஒதுக்கும் இடத்தில்தான் போட வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த இடத்தையும் நகராட்சியில் கேட்டு வாங்குங்கள்.

நாய் சாப்பிடாமல் கிடந்தால் ‘அவரை நினைத்து ஏங்குகிறது’ என்று போட்டோ எடுத்துப் போடாதீர்கள். ஏங்கவும் செய்யும். ஆனால் இரண்டு நாளாக ஒரு வாய்கூடத் தின்னவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது, உடம்பு சுடுகிறது என்றால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்தால் பிழைக்கும், விட்டால் செத்துப்போகும்.

கடைசியாக, மகளோடு உட்கார்ந்து காகிதங்களைப் பாருங்கள். மரணம் வீட்டில் நேர்ந்திருந்தால் 21 நாளுக்குள் குடும்பமே பதிவு செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டில் தனி நலவாரியம் இருக்கிறது. அவரிடம் அதன் அட்டை இருந்து, புதுப்பித்தும் இருந்தால், இறப்பு உதவித்தொகையையும் மகளின் கல்வி உதவியையும் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேளுங்கள். அடுத்து வங்கி பாஸ்புக். மே கடைசியிலோ ஜூனிலோ 436 ரூபாய் பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி பீமா. ஜூன் 1 முதல் மே 31 வரை, 55 வயது ஆகும்வரை செல்லும். மாரடைப்பு மரணத்துக்கும் நாமினிக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. 20 ரூபாய் பிடித்தம் என்றால் அது விபத்துக்கு மட்டும். இந்த 436 ரூபாயைக் கவனிக்காமல் பணத்தைக் கேட்காமலே விடும் குடும்பங்கள் இருக்கின்றன. நாளைக் காலையிலேயே பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் என்ட்ரி போட்டுப் பாருங்கள்.