பதினெட்டாயிரம் பிள்ளைகளும் ஒரு புகைபோக்கியும்

கேள்வி: இல்லாத ஒரு நாட்டுக்கு மொழி, சாமி, சடங்கு, ராஜ வம்சம் எல்லாம் எழுதி இணையத்தில் போடுகிறார்கள். அதையும் நம்பி நாலு பேருக்கு அனுப்ப ஆள் இருக்கிறது. படிக்கிற பழக்கம் போய்விட்டதுதான் காரணம், அந்தக் காலத்துப் படிப்பாளிகளிடம் இந்தப் பருப்பு வெந்திருக்காது என்கிறார் என் நண்பர். சரிதானே?
(வாசகர் ஒருவர், தென்காசி)

பதில்: நன்றாகவே வெந்தது. வெந்த இடம் லண்டன், வருஷம் 1704. முதலில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் பிஷப்பும் பேராசிரியர்களும்.

அந்த வருஷம் ஜார்ஜ் சால்மனாசார் என்பவர் ஃபார்மோசா தீவின் வரலாறும் புவியியலும் என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். ஃபார்மோசா என்றால் இன்றைய தைவான். தீவு நிஜம், அவர் எழுதிய நாடுதான் பொய். தன்னை அந்தத் தீவில் பிறந்தவர், ஜெசுவிட் (கத்தோலிக்கத் துறவிகளின் சபை) பாதிரி ஒருவர் கடத்திக்கொண்டு வந்தார் என்று சொல்லிக்கொண்டார். ஆளோ வெள்ளைவெளேரென்று இருந்தார். கேட்டவர்களுக்குப் பதில் தயார்: எங்கள் ஊரில் வெயிலில் வேலை செய்கிறவர்கள்தான் கறுப்பு, பெரிய இடத்து மனிதர்கள் கோடையில் நிலத்தடி அறைகளில் இருப்போம்.

புத்தகத்தில் என்னதான் இல்லை? இருபது எழுத்துள்ள நெடுங்கணக்கு, பத்து மாத ஆண்டு, சாமிக்கு வருஷத்துக்கு 18,000 சிறுவர்களின் இதயம் காணிக்கை. அப்படியானால் தீவு காலியாகிவிடாதா என்றார்கள். ஆண்களுக்குப் பல மனைவிகள், கணக்குச் சரியாகிவிடும் என்றார். வரலாறு இதைவிட ருசி. மெரியாண்டானூ என்ற ஜப்பான் சக்கரவர்த்தி, உங்கள் சாமிக்குப் பலி கொடுக்க வருகிறேன் என்று ஃபார்மோசா ராஜாவிடம் அனுமதி வாங்கி, யானைகள் சுமந்த பெரிய பல்லக்குகளை அனுப்பினாராம். ஜன்னலில் தலை நீட்டியவை மாடுகளும் ஆடுகளும். உள்ளே முழுக்கச் சிப்பாய்கள். வயிற்றுக்குள் சிப்பாய்களை ஒளித்துக்கொண்டு ஊருக்குள் போன டிராய் நகரத்து மரக்குதிரையின் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் இதைக் கைதட்டி வாசித்தார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

லண்டன் விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டியின் கூட்டத்தில் எட்மண்ட் ஹாலி (வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவர்) சரியான இடத்தில் கை வைத்தார். கடக ரேகை அந்தத் தீவின் மேலேயே போகிறது; அதாவது கோடையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். உச்சி வெயில் உங்கள் வீட்டுப் புகைபோக்கி வழியாக நேரே கீழே விழுமா? விழாது என்றார் சால்மனாசார். எப்படி விழாமல் போகும் என்று மடக்கியதும், எங்கள் ஊர்ப் புகைபோக்கி கோணல்மாணலாகக் கட்டுவது என்றார். சபை அதோடு சரி. தன் வாயிலிருந்து ஒருமுறை வந்ததை, எவ்வளவு அபத்தமானாலும், பிறகு மாற்றுவதில்லை என்று விரதம் வைத்திருந்தார் மனிதர். தயங்காமல் பதில் சொல்கிறவனைச் சந்தேகிக்க நமக்கும்தான் மனசு வருவதில்லை.

சீனாவில் பல வருஷம் இருந்த ஃபோன்டெனே என்ற ஜெசுவிட் பாதிரியும் லண்டனில் இருந்தார். ஃபார்மோசா சீனாவைச் சேர்ந்தது, ஜப்பானுக்கு அங்கே வேலையே இல்லை என்றார். உண்மை; 1683லேயே சீனாவை ஆண்ட சிங் அரசு தீவைப் பிடித்துவிட்டது. ஆனால் சொன்னவர் ஜெசுவிட் ஆயிற்றே! புராட்டஸ்டன்ட் நாடான இங்கிலாந்தில் அப்போது ஜெசுவிட்காரர் மழை பெய்கிறது என்று சொன்னால்கூடக் குடையை மடக்கி வைப்பார்கள். சால்மனாசாரோ ஜெசுவிட்களைத் திட்டித் தீர்த்து, ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்தவர். யாரை நம்புவார்கள், சொல்லுங்கள்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். டச்சுக்காரர்கள் 1624 முதல் 1662 வரை ஃபார்மோசாவில் இருந்தவர்கள். அந்தத் தீவின் சிராயா மக்கள் பேசிய மொழியில் மத்தேயு சுவிசேஷத்தை டேனியல் கிராவியஸ் மொழிபெயர்த்து, டச்சு ஒரு பக்கம் சிராயா ஒரு பக்கமாக, 1661லேயே ஆம்ஸ்டர்டாமில் அச்சாகிவிட்டது. அதை வரவழைத்து நாலு வரி வாசிக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கடை மூடியிருக்கும். அதை விட்டுவிட்டு, அந்தப் பொய் மொழியில் எழுதிய வேத வினாவிடையைப் லண்டன் பிஷப் காம்ப்டன் பெருமையாக வாங்கி வைத்துக்கொண்டார். ஆளை ஆக்ஸ்ஃபோர்டுக்கும் அனுப்பினார்கள், மிஷனரிகளுக்குப் பாடம் சொல்ல! அங்கே ராத்திரி முழுக்க அறையில் மெழுகுவர்த்தி எரிய விட்டு, விடிய விடியப் படிக்கிறார் என்று பெயர் வாங்கினார்.

அந்த மொழியை ஒரே ஒருவர் சோதித்தார். வில்லியம் இன்னஸ் என்ற ராணுவப் பாதிரி. லண்டனுக்கு வருவதற்கு முன்பே பழைய ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் ஒரு பத்தியைக் கொடுத்து ஃபார்மோசா மொழியில் எழுதச் சொன்னார். அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அதையே இன்னொரு தடவை எழுத வைத்தார். பாதிக்கு மேல் சொற்கள் வேறு. குட்டு வெளிப்பட்டது. இன்னஸ் என்ன செய்தார்? இனிமேல் ஜாக்கிரதையாக இரு என்று புத்தி சொல்லி, ஞானஸ்நானம் செய்து வைத்து, ஒரு ஆத்துமாவைக் கரையேற்றிய புண்ணியத்துக்குப் போர்ச்சுகலில் ஆங்கிலப் படைகளின் தலைமைப் பாதிரி பதவியை வாங்கிக்கொண்டார். உங்கள் நண்பர் தேடுகிற அந்தக் காலத்து விவரமான ஆள் இவர்தான்.

சால்மனாசார் பிற்காலத்தில் மனம் திருந்தினார். 1747இல் வெளிவந்த ஒரு புவியியல் தொகுப்பில் ஃபார்மோசா பற்றி எழுதும்போது, முன்பு தான் எழுதியது புளுகு என்பதையும் சேர்த்தே எழுதினார். ஆங்கில அகராதி எழுதிய டாக்டர் ஜான்சன் அவரைப் பெரிய பக்திமான் என்று மதித்து, மதுக்கடையில் அவரோடு உட்கார்ந்து பேசுவார். சால்மனாசார் 1763இல் இறந்தார். மறு வருஷம் அச்சான வாழ்க்கைக் குறிப்பில் எல்லாப் புரட்டையும் விவரமாக ஒப்புக்கொண்டவர், சொந்தப் பெயரை மட்டும் அதிலும் சொல்லவில்லை.