ஓரிகன் கடற்கரையில் குடும்பத்தோடு கேம்பிங்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவின் மேற்கே இருக்கும் ஓரிகன் மாநிலத்தின் கடற்கரை 363 மைல் நீளம். 101-ஆம் நெடுஞ்சாலை பெரும்பாலும் அதை ஒட்டியே போகிறது. பல வருஷமாக அங்கே டென்ட் போட்டுவருவதால், கோடை நெருங்கியதும் எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, ஐந்து வயதிலும் இரண்டு வயதிலும் குழந்தைகள். முதல் கேம்பிங். டென்டைத் திறந்தால் கடல் தெரிகிற மாதிரி ஒரு இடம் சொல்லுங்கள். (பீவர்ட்டனிலிருந்து)

அந்த ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் சின்னக் குழந்தைகளோடு போகும்போது அதை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கோடையில் மத்தியானத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து காற்று எழும்பும். கடல் தெரிகிற இடத்துக்கு அந்தக் காற்று தடையில்லாமல் வரும். சோற்றில் மணல் விழும். ராத்திரி டென்ட் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், குழந்தை தூங்காது. குழந்தை தூங்காவிட்டால் யாருக்கும் தூக்கம் இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டுதான்: கடலுக்கும் டென்டுக்கும் நடுவே மரமோ மணல்மேடோ இருக்கிறதா? நெடுஞ்சாலையைக் கடக்காமல் குழந்தைகள் மணலுக்கு நடந்து போக முடியுமா? உங்களுக்கு நெஹேலம் பே ஸ்டேட் பார்க் சரியாக இருக்கும். ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் அமைதியான வளைகுடா, நடுவே நாலு மைல் நீள மணல்திட்டு. கடல் பக்கம் உயரமான மணல்மேடு காற்றை மறைத்துக்கொள்ளும். அதில் ஏறி இறங்கினால் கடல். போர்ட்லாண்டிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். ஸ்டேட் பார்க்குகளில் வெந்நீர்க் குளியலறை இருப்பது, முதல் முறை போகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். பராமரிப்புக்காகச் சில பார்க்குகளை மாதக்கணக்கில் மூடுவதும் உண்டு. பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் தண்ணீரிலேயே கிடப்பார்கள். கடலில் குளிக்க ஏற்ற இடம் எது? (சியாட்டிலிலிருந்து)

நம்மூர்க் கடலை மனதில் வைத்துக்கொண்டு இங்கே இறங்கிவிடாதீர்கள். ஆகஸ்டிலும் தண்ணீர் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துவிடும். அதைவிட ஆபத்து, சொல்லாமல் வரும் பேரலை. கால் மணி நேரம் சாதுவாக இருந்துவிட்டு, திடீரென்று ஒன்று கரையில் வெகுதூரம் ஏறி வரும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரக்கட்டைகளையும் அது புரட்டிவிடும். குழந்தைகளை அந்தக் கட்டைகள் மேல் விளையாட விடாதீர்கள், கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்.

தண்ணீர்தான் வேண்டும் என்றால் ஃப்ளாரன்ஸ் ஊருக்குத் தெற்கே ஹனிமன் ஸ்டேட் பார்க்குக்குப் போங்கள். க்ளியோவாக்ஸ் என்று ஒரு நன்னீர் ஏரி. அதன் கரையில் மணல்மேடு அப்படியே சரிந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. பிள்ளைகள் உச்சியிலிருந்து ஓடிவந்து ஏரியில் தொப்பென்று விழுவார்கள், மறுபடி மூச்சு வாங்க ஏறுவார்கள், சாயங்காலம்வரை இதே வேலை. கடல் அங்கிருந்து இரண்டு மைல் மணலைத் தாண்டி இருக்கிறது. எனக்கு அது குறையாகவே தெரிந்ததில்லை.

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் படுக்க முடியாது.

யூர்ட் எடுங்கள். வட்டமான கூடார வீடு. உள்ளே கட்டில், விளக்கு, ஹீட்டர் எல்லாம் உண்டு. ஓரிகன் ஸ்டேட் பார்க்குகளில் 1994-இலிருந்தே இருக்கிறது. உள்ளே சமைக்கக் கூடாது. கழிவறைக்கு வெளியேதான் நடக்க வேண்டும். அதனால் பதிவு செய்யும்போதே வரைபடத்தைப் பார்த்து, கழிவறைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பிடியுங்கள். ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு தொடங்கும், கோடை வார இறுதிகள் உடனே போய்விடும். முடிந்தால் செப்டம்பரில் வார நாட்களில் போங்கள். மூடுபனி குறைவு, காற்றும் தணிந்திருக்கும்.

தோசை மாவு கொண்டுபோகலாமா? விறகு?

தாராளமாக. ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். முதல் ராத்திரிக்கு மட்டும் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், போய்ச் சேர்ந்ததும் அடுப்பு மூட்டத் தெம்பு இருக்காது. விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். அதோடு மரத்தை அழிக்கும் பூச்சிகளும் போகும். அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

2004-இல் நாகப்பட்டினத்தில் உறவினரை இழந்த குடும்பம் எங்களுடையது. அங்கே சுனாமி பயம் இல்லையா?

உண்டு. அதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. இந்தக் கடலுக்கு அடியில் கஸ்கேடியா என்ற நிலத்தட்டுப் பிளவு இருக்கிறது. 1700 ஜனவரியில் அங்கே ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தின் அலை ஜப்பான்வரை போனது. 1964-இல் அலாஸ்கா நிலநடுக்கத்தின் அலை வந்தபோது, பெவர்லி பீச்சில் மணலில் படுத்திருந்த நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதனால் ராத்திரி மணலில் படுப்பது மட்டும் எப்போதும் வேண்டாம்.

போய் இறங்கிய அன்றே, டென்ட் போடும் முன், சுனாமி வெளியேறும் வழி என்ற பலகையைத் தேடி, மேட்டு நிலம்வரை குடும்பத்தோடு ஒரு முறை நடந்து பாருங்கள். பெற்றோர் நடக்கும் வேகத்தில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கு வையுங்கள். அந்த நேரம் மனதுக்கு ஒப்பவில்லை என்றால், மேட்டில் இருக்கும் வேறு கேம்ப்கிரவுண்டை எடுங்கள். நிலம் பலமாக ஆடினால், ஆட்டம் நின்றதும் சைரனுக்குக் காத்திருக்காமல் நடந்தே மேலே போய்விட வேண்டும்.

பன்னிரண்டு வயதுப் பையன், போனை விடமாட்டான். அவனுக்கு என்ன இருக்கிறது?

நியூபோர்ட் பக்கம் சௌத் பீச் ஸ்டேட் பார்க்கில் தங்கி, யக்வினா ஹெட் என்ற கடல்முனைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே 93 அடி உயரக் கலங்கரை விளக்கம், ஓரிகனிலேயே உயரமானது. ஆனால் அவனை முதலில் கீழே கரைக்கு இறக்குங்கள். மணல் கிடையாது, முழுக்கக் கறுப்பு உருண்டைக் கற்கள். அலை திரும்பும்போது அத்தனையும் உருண்டு கலகலவென்று ஒலிக்கும். அப்படி ஒரு சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஓதம் இறங்கியிருக்கும் நேரத்தை அட்டவணையில் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பாறைக் குழிகளில் ஊதாக் கடல் முள்ளெலிகளும் ஆரஞ்சு நட்சத்திர மீன்களும், பூப்போல விரியும் பச்சைக் கடல் சாமந்தி என்ற உயிரினங்களும் இருக்கும். விரலை நனைத்துக்கொண்டு மெதுவாகத் தொடலாம், எதையும் எடுத்துவரக் கூடாது. ஓதம் ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுங்கள். வழுக்காத காலணி கட்டாயம், மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி.