செவில்லில் சைவ அம்மாவுக்கு என்ன வாங்கித் தரலாம்?

அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார், ஸ்பெயினின் செவில் நகரில் மாலை ஏழு மணிக்குப் போனால் எங்கும் சமையல் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள். ஸ்பெயினில் மதியம்தான் பெரிய சாப்பாடு, சுமார் 2 முதல் 4 மணி வரை. இரவு அடுப்பு எட்டரைக்கு மேல்தான் சூடுபிடிக்கும். அதனால் அவரை மதியமே வயிறாரச் சாப்பிட வையுங்கள்.

சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறி சாலட்டிலேயே சூரை மீன் போட்டு வந்துவிடும். "சின் ஹமோன், சின் அத்தூன், சின் உவேவோ" என்று சொல்லுங்கள்: பன்றி, சூரை, முட்டை மூன்றும் வேண்டாம் என்று அர்த்தம்.

அப்புறம், அந்த ஊருக்கே உரிய எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ் கட்டாயம் கேளுங்கள். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும், பூண்டும் சீரகமும் சேர்த்து, வறுத்த ரொட்டியை அரைத்துக் கெட்டியாக்கியது. மண்கிண்ணத்தில் ஆவி பறக்க வரும்போது அந்தச் சீரக வாசமே அம்மாவுக்குப் பாதிப் பசியைத் தீர்த்துவிடும். இறைச்சி வேகவைத்த நீர் சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலுக்குக் கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப் நல்லது. அதைவிடக் கெட்டியான தக்காளி சூப்பான சல்மொரேஹோ வேண்டாம், மேலே முட்டையும் பன்றியும் தூவியிருப்பார்கள்.