பழைய கார் இன்ஜினுக்கு ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

பழைய மாருதி 800 இன்ஜினை வீட்டிலேயே பிரித்து, ரிங் செட் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள்) மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்க முடியுமா என்பது கேள்வி. முடியும், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை இன்னும் வட்டமாக இருந்தால்.

பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது பக்கவாட்டிலும் அழுத்துகிறது. அதனால் 68.5 மில்லிமீட்டர் துளை வருடக்கணக்கில் தேய்ந்து லேசாக முட்டை வடிவமாகிவிடும். சூடு அதிகமாகவும் ஆயில் குறைவாகவும் இருக்கும் மேல்பகுதியில் தேய்மானம் இன்னும் கூடுதல். குக்கர் மூடியின் விளிம்பு நசுங்கிய பிறகு புது கேஸ்கெட் போட்டுப் பயன் உண்டா? அதே கதைதான். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதைத்தான் ரீபோர் என்கிறோம். பிரிப்பதும் கழுவுவதும் வீட்டில் நடக்கும். துளையைப் பெரிதாக்குவது லேத் பட்டறை வேலை. அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

பிரிப்பதற்கு முன்பே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், அளந்து, பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் ரிங் அல்லது துளை தேய்மானம். ஏறாவிட்டால் வால்வையும் ஹெட் கேஸ்கெட்டையும் பாருங்கள்.

அப்புறம், நீலப்புகை வந்தாலே ரீபோர் என்று பலர் நினைக்கிறார்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் வால்வு சீல்தான், சின்ன ரப்பர் துண்டு.